டிட்டிகாகா ஏரித் தீவுகள்: 9 பேர், குறைந்த செலவு. இந்தத் திட்டம் தேறுமா?

வைகைக்கரை:

வணக்கம். ஜூன் கடைசியில் பெரு போறோம். மொத்தம் 9 பேர். ஒருத்தருக்கு வயது 63, பிரஷர் மாத்திரை சாப்பிடுறார். மூணு பேர் சைவம், அதில் ரெண்டு பேர் முட்டையும் தொட மாட்டாங்க. யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது.

இப்போ போட்டிருக்கிற திட்டம்: லிமாவில் ஒரு ராத்திரி. காலை விமானத்தில் ஹூலியாக்கா, அங்கிருந்து வேனில் ஏரிக்கரை ஊரான பூனோ. மறுநாள் காலையிலேயே படகு ஏறி ஊரோஸ் மிதக்கும் தீவுகள், அப்படியே அமந்தானி தீவு போய் வீட்டில் தங்கல். அடுத்த நாள் தக்கீலே தீவு பார்த்துட்டு சாயங்காலம் பூனோ, அன்னிக்கு ராத்திரி பஸ்ஸிலேயே குஸ்கோ. அப்புறம் மச்சு பிச்சு, லிமா, ஊர்.

பூனோ ஏஜென்சி ஒண்ணு ரெண்டு நாளுக்கு ஆளுக்கு 150 சோல் (பெரு நாணயம்) கேட்குது. நேரடியா போனா இன்னும் குறையுமா? 9 பேரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கச் சொல்லலாமா? சைவத்துக்கு என்ன கிடைக்கும்? பொலிவியா பக்கம் இருக்கிற இஸ்லா டெல் சோலையும் ஒரே நாளில் சேர்த்துடலாம்னு குழுவில் ரெண்டு பேர் ஒத்தைக்காலில் நிக்கிறாங்க. அது நடக்கிற காரியமா?

உயரமானி:

படகும் வீடும் அப்புறம். முதலில் அந்த ஹூலியாக்கா விமானத்தைத் தூக்குங்க.

லிமா கடல் மட்டம். ஹூலியாக்கா 3,825 மீட்டர். ரெண்டு மணி நேரத்துக்குள்ள உடம்பை அங்கே கொண்டுபோய் இறக்கிட்டு, மறுநாளே அமந்தானி உச்சியில் 4,100 மீட்டருக்கு மேல இருக்கிற கோயில் வரை நடக்கச் சொல்றீங்க. 9 பேரில் நாலைந்து பேராவது தலைவலி, வாந்தி, தூக்கமின்மையோட படுத்துடுவாங்க. வயசுக்கும் இதுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. 63 வயசுக்காரர் நல்லா இருப்பார், 28 வயசுப் பையன் சுருண்டுடுவான்.

இந்த ஏரியில் இன்னொரு சிக்கல் இருக்கு, பலரும் யோசிக்கிறதில்லை. மற்ற மலை ஊர்களில் உடம்பு முடியலைன்னா கீழே இறங்கிடலாம். இங்கே இறங்க இடமே கிடையாது. ஏரியின் நீர்மட்டமே 3,812 மீட்டர். தீவிலிருந்து பூனோ வந்தாலும் அதே உயரம்தான். உண்மையிலேயே தாழ்வான இடம்னா அரேக்கிப்பா, 2,335 மீட்டர், பஸ்ஸில் ஆறு மணி நேரம், அதுவும் நடுவில் பூனோவை விட உயரமான மேட்டைத் தாண்டித்தான் போகணும். ராத்திரி 1 மணிக்கு அமந்தானியில் ஒருத்தருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சா, விடியற வரைக்கும் வழக்கமான படகு கிடையாது. அதனால உடம்பைப் பழக்குற வேலை ஏரிக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

வழி சுலபம்: திட்டத்தை அப்படியே தலைகீழா போடுங்க. லிமாவிலிருந்து குஸ்கோ விமானம். குஸ்கோ 3,400 மீட்டர், அங்கே தங்காம இறங்கின கையோட வேன் பிடிச்சு ஒல்லாந்தாய்தாம்போ போயிடுங்க. அது 2,800 மீட்டர் பக்கம். அங்கே ரெண்டு ராத்திரி. அடுத்து மச்சு பிச்சு, அது இன்னும் கீழே, 2,430. திரும்பி வந்து குஸ்கோவில் ரெண்டு ராத்திரி. அப்புறம் பகல் பஸ்ஸில் பூனோ, ஆறேழு மணி நேரம். வழியில் லா ராயா கணவாய் 4,300 மீட்டரைத் தாண்டும், ஆனா பஸ் அங்கே கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஏரியைக் கடைசியா பார்த்துட்டு ஹூலியாக்காவில் விமானம் ஏறினா நேரே லிமா. அதே ஊர்கள், அதே நாட்கள், கூடுதலா ஒரு பைசா செலவில்லை. ராத்திரி பஸ் தொல்லையும் இல்லை. ஜூன் 24 குஸ்கோவில் இந்தி ராய்மி திருவிழா. அந்தத் தேதியை ஒட்டி அங்கே அறை விலை எகிறும், அதை மட்டும் தவிர்த்துக்குங்க.

அசெட்டசோலமைடு மாத்திரை, நம்ம ஊர் மருந்துக் கடையில் டயமாக்ஸ்னு கிடைக்கும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. உயரம் ஏறுறதுக்கு முந்தின நாள் தொடங்கி, போய்ச் சேர்ந்து ரெண்டு நாள் வரை. சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க டாக்டரைக் கேட்காம தொடக்கூடாது. பிரஷர்காரர் கட்டாயம் கேட்கணும். அவர் சாப்பிடுற மாத்திரையே சிறுநீரைப் போக்குற வகையா இருந்தா, ரெண்டும் சேர்ந்து உடம்பில் உப்பையும் தண்ணியையும் இறக்கிடும். விரல் நுனி குறுகுறுக்கும், சோடா குடிச்சா சப்புனு இருக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். அடிக்கடி சிறுநீர் வரும். மூணு மணி நேரப் படகுப் பயணத்துக்கு முன்னாடி இதை ஞாபகம் வச்சுக்குங்க.

தலைவலி, பசியில்லை, தூக்கம் வரலைன்னா அங்கேயே ஓய்வு எடுத்தாப் போதும். ஆனா தரையில் ஒரு கோடு கிழிச்சு அதன் மேல நடக்கச் சொல்லி ஆள் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினாலோ தாமதிக்கக் கூடாது. உடனே ஆக்சிஜன், உடனே கீழே.

படகடி:

உயரமானி சொன்ன தலைகீழ்த் திட்டம்தான் சரி. நான் படகுக்கும் வீட்டுக்கும் வருகிறேன்.

நேரடியாகப் போனால் மலிவு என்பது பாதி உண்மை. கணக்கைப் பாருங்கள். விலைகள் ஏறி இறங்கும், தோராயமாகத்தான் சொல்கிறேன். பூனோ, அமந்தானி, தக்கீலே, பூனோ என்று சுற்றி வரும் ஊர்ப்படகு ஆளுக்கு 50 சோல் பக்கம். ஊரோஸில் இறங்க 10 முதல் 15. அமந்தானி, தக்கீலே நுழைவுக் கட்டணம் இரண்டும் சேர்த்து 20. அமந்தானி வீட்டில் ஒரு இரவும் மூன்று வேளைச் சாப்பாடும் 70 அல்லது 80. தக்கீலேயில் மதியச் சாப்பாடு 25 முதல் 30. கூட்டினால் 175, 195 என்று வந்து நிற்கும். ஏஜென்சி கேட்பது 150, அதற்குள் வழிகாட்டியும் வருகிறார், அவர்கள் லாபமும் வருகிறது. அப்படியானால் எங்கேயோ ஒரு இடத்தில் வெட்டு விழுகிறது. விழுவது பெரும்பாலும் உங்களுக்குச் சோறு போட்டுப் படுக்கை விரிக்கிற வீட்டின் பங்கில்.

இது இன்று நேற்று வந்த தகராறு இல்லை. 1970களின் கடைசியில் தக்கீலேக்காரர்கள் தாங்களே படகு கட்டி, பயணிகளைத் தாங்களே ஏற்றி வந்து, வீடுகளுக்கு முறை போட்டுப் பிரித்து அனுப்பினார்கள். 1990களில் தனியுரிமைக்கு எதிரான சட்டம் வந்ததும் அந்தப் படகுப் பாத்தியதை போயிற்று. பூனோ நிறுவனங்களின் படகுகள் உள்ளே வந்தன. இன்று தக்கீலேக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி அந்தப் படகுகளில் வந்து, சாப்பிட்டுவிட்டு, அன்றே திரும்பிவிடுகிறது. 25, 45 சோல் மிச்சம் பிடிப்பதற்காக ஏஜென்சியில் ஏறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் குழுவுக்கு வழிகாட்டி கட்டாயம் வேண்டும் என்றால் ஏஜென்சியில் போங்கள், ஆனால் வீட்டுக்கான தொகையை மட்டும் தனியாகப் பிரித்து அமந்தானியில் எங்கள் கையால் தருகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஒத்துக்கொள்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. ஒத்துக்கொள்ளாத இடத்தில் காரணம் கேட்கத் தேவையில்லை.

நேரடியாகப் போகும் முறை இதுதான். பூனோவில் அவெனிதா டிட்டிகாகா தெரு போய் முடியும் இடத்தில் படகுத்துறை. முந்தின நாள் மாலையே போய் அமந்தானிப் படகுக்காரர்களைப் பார்த்து 9 பேர் என்று சொல்லிவிடுங்கள். படகு காலை 8 மணியை ஒட்டிக் கிளம்பும், 7:15க்கு அங்கே இருங்கள். எல்லாருடைய பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பயணிகள் பட்டியலில் ஏற வேண்டும். துறைமுகக் காவல் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் படகை விடாது. 9 பேரின் விவரத்தையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப் போனால் அரை மணி நேரம் மிச்சம். வழியில் ஊரோஸில் நிறுத்துமா, அதே சீட்டில் மறுநாள் தக்கீலே வழியாகத் திரும்பலாமா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறிய பிறகு கேட்டால் பதில் மாறும்.

அமந்தானி பூனோவிலிருந்து 40 கிலோமீட்டர் பக்கம். பழைய வண்டி எஞ்சினைப் பொருத்திய படகுகள், ஆடி அசைந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். பின்பக்கம் புகை வரும், தலைவலிக்கு அதுவும் ஒரு காரணம், அதனால் முன்வரிசையில் உட்காருங்கள். மேல்தளம் அழகாக இருக்கும். ஆனால் அங்கே வெயில் தோலை உரிக்கும், காற்று எலும்பைக் குடையும், இரண்டும் ஒரே நேரத்தில்.

ஒரே வீட்டில் 9 பேர் வேண்டாம். கேட்கவும் கேட்காதீர்கள். தீவில் பத்து ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் வீடுகளுக்கு முறை வைத்திருக்கிறார்கள். படகு வந்ததும் கரையில் ஊர்க்காரர் ஒருவர் வரிசைப்படி ஆட்களைப் பிரித்து அனுப்புவார். ஒரு வீட்டில் விருந்தினருக்கு இரண்டு மூன்று அறை, சமையலுக்கு ஒரே அடுப்பு. 9 பேரை ஒரே வீட்டில் அடைத்தால் அந்த அம்மா விடியற்காலை 4 மணியிலிருந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இருக்க வேண்டும். முறைப்படி ஆள் வர வேண்டிய அடுத்த மூன்று வீடுகளுக்கு அன்றைக்கு வரும்படி போச்சு. 3, 3, 3 என்று பிரியுங்கள். அடுத்தடுத்த வீடுகளாகத் தரச் சொன்னால் முடிந்தவரை தருவார்கள். பெரியவர் இருக்கும் மூவரை மட்டும் படகுத்துறைக்குப் பக்கத்து வீட்டில் விடச் சொல்லுங்கள்: "செர்க்கா தெல் முவேய்யே" என்றால் புரியும். சில வீடுகள் கரையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறும் இடத்தில் இருக்கின்றன. கீழே கிடக்கும் வீட்டுக்கும் மேலே இருக்கும் வீட்டுக்கும் அந்த உயரத்தில் ஒரு மணி நேர வித்தியாசம்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி. திட்டத்தைத் தலைகீழாக்கிட்டேன், விமானச் சீட்டு இன்னும் போடலை, நல்லவேளை. மூணு மூணா பிரியறதும் சரிதான். ஆனா சைவக்காரங்க மூணு பேரும் ஒரே வீட்டில் இருக்கறது நல்லதா, பிரிஞ்சு இருக்கறதா? கழிவறை, குளிர் எல்லாம் எப்படி?

மூன்யா_டீ:

சைவம் மூணு பேரையும் ஒரே வீட்டில் போடுங்க. ஒரு அடுப்பில் ரெண்டு விதமா சமைக்க வைக்கிறதை விட அதுதான் அவங்களுக்கும் சுலபம். கரையில் பிரிக்கும்போதே சொல்லிடணும்.

உண்மையைச் சொன்னா அமந்தானி சாப்பாடு முக்கால்வாசி சைவம்தான். கீனுவா சூப், வேகவைத்த உருளைக்கிழங்கு நாலைந்து ரகம், ஓக்கா கிழங்கு, பச்சை அவரைக்கொட்டை, சோறு, பொரித்த பாலாடைக்கட்டி. சாப்பிட்டு முடிச்சதும் மூன்யா இலை போட்ட வெந்நீர். புதினா வாசம், வயித்துக்கு நல்லது. இறைச்சி அங்கே அன்றாடப் பண்டம் கிடையாது. மாட்டிக்கிற இடம் சூப்தான். மேலே காய்கறி மட்டும் மிதக்கும், அடியில் எலும்பு போட்டுக் கொதிக்க வச்ச தண்ணியா இருக்கும். வெறுமனே சைவம்னு சொன்னா கோழி சேரும்னு நினைக்கிறவங்க உண்டு. அதனால பேர் சொல்லியே மறுக்கணும்: "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் கால்தோ தே கார்னே", அதாவது இறைச்சி, கோழி, மீன், இறைச்சி வேகவச்ச தண்ணி எதுவும் வேண்டாம். முட்டை வேண்டாதவங்களுக்கு "சின் வேவோ" சேர்த்துக்குங்க. இதை ஸ்பானிஷ் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி மூணு பிரதி எடுத்துக்குங்க. ஸ்பானிஷ் அந்த வீடுகளில் ரெண்டாவது மொழிதான், வயசானவங்களில் பலர் கெச்சுவா மட்டும்தான் பேசுவாங்க. வீட்டில் பள்ளிக்கூடம் போற பிள்ளை இருந்தா அட்டையை அந்தப் பிள்ளைகிட்டக் கொடுங்க, காரியம் நடக்கும். மொழிபெயர்ப்புச் செயலிக்குச் சிக்னலை நம்பாம ஸ்பானிஷை முன்கூட்டியே இறக்கி வச்சுக்குங்க.

தக்கீலேயில்தான் சைவத்துக்குக் கொஞ்சம் கஷ்டம். மதியச் சாப்பாடுன்னா சூப், அப்புறம் ட்ரவுட் மீன் இல்லைன்னா ஆம்லெட். முட்டையும் வேண்டாம்னா சோறும் கிழங்கும் தருவாங்க, விலை அதேதான். அந்த ட்ரவுட் கூட ஏரியின் சொந்த மீன் இல்லை. 1940களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டது. ஏரியோட பழைய மீன்களைத் தின்னு தீர்த்ததில் அதுக்குப் பெரிய பங்கு உண்டு. சூன்யோன்னு கருப்பா, சுருங்கின உருண்டையா தட்டில் ஒண்ணு வந்தா மிரள வேண்டாம். ஜூன் மாசப் பனியில் ராத்திரி பரப்பி உறைய வச்சு, காலால மிதிச்சுத் தண்ணியை வெளியேத்தி, வெயிலில் காய வச்ச உருளைக்கிழங்கு. நீங்க போற சமயம்தான் அதைப் போடுற காலம், வழியில் வயல்களில் பரப்பிக் கிடக்கறதைப் பார்க்கலாம்.

கழிவறை வீட்டுக்கு வெளியே தனியா இருக்கும். வாளியில் தண்ணி மொண்டு ஊத்தணும். நமக்கு அது பெரிய விஷயம் இல்லை. டாய்லெட் பேப்பர் நீங்கதான் கொண்டு போகணும், அதைக் குழியில் போடாம கூடையில் போடணும். குளியலை மறந்துடுங்க. தண்ணி சுமந்து வர்ற தீவு அது, அதோட யாருக்கும் குளிக்கத் தோணாது. ஜூன், ஜூலை ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அறைக்குள்ள சூடேத்தும் கருவி கிடையாது. கனமான கம்பளி நாலஞ்சு போடுவாங்க, அதன் பாரத்திலேயே மூச்சு முட்டும். உள்ளே உடம்போட ஒட்டின வெப்ப உடுப்பு, காலுறை ரெண்டு ஜோடி, காதை மூடும் தொப்பி. போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், ராத்திரி கம்பளிக்குள்ளேயே வச்சுக்குங்க. சூரியத் தகட்டில் ஒரு பல்பு எரிஞ்சா அதுவே அதிகம், பவர் பேங்க் கட்டாயம். தலையில் மாட்டும் விளக்கும் ஆளுக்கு ஒண்ணு. சாயங்காலம் கோயில் மேட்டிலிருந்து இறங்கும்போது இருட்டிடும், ரெண்டு பக்கமும் கல் சுவர், தெரு விளக்குன்னு ஒண்ணும் இருக்காது, எல்லாப் பாதையும் ஒரே மாதிரி தெரியும்.

போகும்போது வீட்டுக்கு ஏதாவது கொடுக்கணும்னா பூனோ சந்தையில் அரிசி, சர்க்கரை, சமையல் எண்ணெய், பழம் வாங்கிக்குங்க. தீவில் விளையாதது எல்லாம் அவங்க படகில் காசு கொடுத்துக் கொண்டுவர்றதுதான். பிள்ளைகளுக்கு மிட்டாய் வேண்டாம். பல் டாக்டர் அங்கே கிடையாது, அடுத்து வர்ற ஆளைப் பார்த்ததும் கை நீட்டுற பழக்கமும் வந்துடும்.

நேர்கோடு:

ஊரோஸை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இறக்கிவிடுவார்கள், கையளவு நாணலை வைத்துத் தீவு செய்யும் விதத்தைக் காட்டுவார்கள், உடனே துணி விரித்துப் பொம்மையும் சுவர்த் துணியும் விற்பார்கள், நாணல் படகில் ஏற இன்னொரு 10 சோல், கிளம்பும்போது ஒரு பாட்டு. எல்லாத் தீவிலும் இதே வரிசை. பலர் பூனோவில் வீடு வைத்துக்கொண்டு காலையில் தீவுக்கு வேலைக்கு வருவது போல வருகிறார்கள். குறைந்த செலவு என்றால் முதலில் வெட்ட வேண்டியது இதுதான்.

தொத்தோரா:

வியாபாரம் என்பதில் மறுப்பில்லை. ஆனால் வெட்டச் சொல்வதை ஏற்க முடியவில்லை. போகிற வழியில்தான் இருக்கிறது, பூனோவிலிருந்து அரை மணி நேரம். அங்கே பார்க்க வேண்டியது விற்பனைத் துணியை இல்லை, காலடியை.

தொத்தோரா நாணலின் வேர்களும் சேறும் பின்னி, ஏரிக்கடியில் கெட்டியான பாளமாக வளர்ந்திருக்கும். மழைக்காலத்தில் நீர் ஏறும்போது அது அறுந்து மேலே மிதந்து வரும். அந்தப் பாளத்துக்குக் கீலி என்று பெயர். நீளமான ரம்பத்தால் அதைக் கட்டி கட்டியாக அறுத்து, ஒவ்வொன்றிலும் யூகலிப்டஸ் முளை அடித்து, கயிற்றால் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். சில மாதத்தில் வேர்கள் தாமே பின்னிக்கொண்டு ஒரே துண்டாகிவிடும். மேலே வெட்டிய நாணலைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகிறார்கள். கால் வைத்தால் வைக்கோல் போர் மேல் ஏறியது போல அமுங்கும். அடியில் நாணல் அழுகிக்கொண்டே இருக்கும், அதனால் மேலே புதிது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. தீவு நகராமல் இருக்க ஏரிப்படுகையில் கம்பு நட்டு நான்கு பக்கமும் கயிறு கட்டியிருக்கும். 1986 புயலுக்குப் பிறகுதான் பல தீவுகள் இப்போது இருக்கும் இடத்துக்கு, பூனோவுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தன. குடும்பங்களுக்குள் ஒத்துவராவிட்டால் தீவையே ரம்பத்தால் அறுத்துப் பாகம் பிரித்துக்கொள்வதும் உண்டு.

போனால் இரண்டு எச்சரிக்கை. நாணலின் வெள்ளைத் தண்டை உரித்துச் சாப்பிடக் கொடுப்பார்கள். பூனோ நகரக் கழிவு கலக்கும் விரிகுடா அது, வாங்கிக்கொள்ளுங்கள், கடிக்காதீர்கள். பெரிய இரட்டை நாணல் படகில் ஏறுவதாக இருந்தால் கட்டணத்தை ஏறுமுன் கேளுங்கள், 9 பேருக்கும் சேர்த்து நல்ல தொகை ஆகிவிடும். அந்தப் படகுகளின் வயிற்றில் இப்போதெல்லாம் பிளாஸ்டிக் பாட்டில்களை அடைத்துத்தான் மிதக்க விடுகிறார்கள். அங்கே பேசுவது ஐமாரா. "கமிசராக்கி" என்று வணக்கம் சொன்னால் "வாலிக்கி" என்று பதில் வரும்.

படகடி:

தொத்தோராவோடு ஒத்துப்போகிறேன். தக்கீலே பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அங்கே இரண்டு துறைகள். ஒன்றில் இறங்கி மெதுவாக ஏறும் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்து சதுக்கம் போய், சாப்பிட்டுவிட்டு, மறுபக்கம் 500க்கு மேற்பட்ட கல்படிகளில் இறங்குவதுதான் முழங்காலுக்கு நல்லது. மாற்றிச் செய்தால், அதாவது அந்தப் படிகளில் ஏறினால், பெரியவரைச் சதுக்கத்தில் பார்க்க முடியாது. எந்தத் துறையில் இறக்குவீர்கள், எதில் எத்தனை மணிக்கு ஏற்றுவீர்கள் என்று படகுக்காரரிடம் கேட்டு, அவரையே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தவறான துறையில் காத்திருந்து படகை விடுகிறவர்கள் உண்டு.

சதுக்கத்தில் கூட்டுறவுக் கடை இருக்கிறது. பின்னல் வேலை ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயரும் நிலையான விலையும் இருக்கும், பேரம் கிடையாது, கேட்டால் முகம் சுளிப்பார்கள். தக்கீலே நெசவு 2005இலேயே யுனெஸ்கோ அறிவிப்பில் வந்தது. பூனோ கடைத்தெருவில் பாதி விலைக்குக் கிடைப்பது இயந்திரப் பின்னல், இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே தொப்பி பின்னுவது ஆண்கள், நடந்துகொண்டே பின்னுவார்கள். முழுச் சிவப்புத் தொப்பி என்றால் கல்யாணமானவர், மேல்பாதி வெள்ளை என்றால் ஆகாதவர். படம் எடுக்குமுன் கேளுங்கள்.

எல்லைக்கோடு:

இஸ்லா டெல் சோல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒரே நாளில் பூனோவிலிருந்து போய்த் திரும்புவது காகிதத்தில் மட்டும் நடக்கும். பூனோவிலிருந்து பொலிவியாவின் ஏரிக்கரை ஊரான கோப்பகபானாவுக்கு எல்லையையும் சேர்த்து மூன்று மணி நேரம். எல்லையில் இருக்கும் காசானியில் பெரு பக்கம் இறங்கி முத்திரை, நடந்து போய் பொலிவியா பக்கம் முத்திரை, 9 பேருக்கும். பொலிவியா கடிகாரம் பெருவை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் போகும்போதே ஒரு மணி நேரம் கையை விட்டுப் போகும். கோப்பகபானாவிலிருந்து தீவுக்குப் படகு ஒன்றரை மணி நேரம். போய் இறங்கியதும் திரும்பும் படகு கிளம்பிவிடும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பொலிவியா விசா தனி வேலை. கோப்பகபானாவில் ஒரு இரவு, தீவில் யுமானி என்ற ஊரில் ஒரு இரவு என்று இரண்டு இரவு ஒதுக்க முடிந்தால் போங்கள், வடக்கிலிருந்து தெற்கு வரை நடக்கும் மேட்டுப்பாதை அருமையானது. 2017இல் தீவின் ஊர்களுக்குள் தகராறு மூண்டு வடக்குப் பகுதி ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. அதனால் அன்றைய நிலவரத்தைக் கோப்பகபானா படகுத்துறையில் விசாரித்த பிறகே நடையைத் தொடங்க வேண்டும்.

ஒற்றைக்காலில் நிற்கும் அந்த இருவருக்கு வேறொன்று காட்டுங்கள்: கப்பாச்சிக்கா தீபகற்பத்தில் யாச்சோன் என்ற ஊர். பூனோவிலிருந்து வேனில் போகலாம், வீடுகளில் தங்கலாம், கூட்டம் குறைவு. அந்தப் பக்கத்திலிருந்து அமந்தானிக்குப் படகு ஒரு மணி நேரத்துக்குள்தான். நீண்ட படகுப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அதுதான் வழி.

வைகைக்கரை:

பொலிவியாவை வெட்டியாச்சு, ரெண்டு பேரும் முனகிட்டே ஒத்துக்கிட்டாங்க. இப்போ கணக்கு: குஸ்கோவிலிருந்து பகல் பஸ்ஸில் பூனோ, ஒரு ராத்திரி. அடுத்த நாள் ஊரோஸ் வழியா அமந்தானி, ஒரு ராத்திரி. அடுத்த நாள் தக்கீலே, சாயங்காலம் பூனோ வந்து தங்கல். மறுநாள் காலை 9 மணிக்கு ஹூலியாக்காவில் லிமா விமானம். அதே ராத்திரி லிமாவிலிருந்து ஊருக்கு விமானம். ஓட்டை இருக்கா?

படகடி:

இருக்கிறது, கடைசி நாளில். காற்று பலத்தால் துறைமுகக் காவல் படகுப் போக்கை நிறுத்திவிடும். தீவில் இருக்கும்போது நிறுத்தினால் இன்னொரு இரவு அங்கேதான். இது ஒன்று. இரண்டாவது பாரோ, அதாவது மறியல். பூனோ மாநிலத்தில் மறியல் என்றால் சாலையில் கல்லை அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், பஸ்ஸும் நகராது, வேனும் நகராது. 2023 ஜனவரியில் ஹூலியாக்கா விமான நிலையமே மூடப்பட்டது. பன்னாட்டு விமானத்துக்கும் ஏரிக்கும் இடையில் ஒரு முழு நாள் காலியாக விடுங்கள். அந்த நாள் தேவைப்படாவிட்டால் லிமாவில் கழியும், நஷ்டமில்லை.

காலை 9 மணி விமானம் என்றால் பூனோவிலிருந்து 6 மணிக்குக் கிளம்புங்கள். தூரம் 45 கிலோமீட்டர்தான், ஆனால் ஹூலியாக்கா ஊருக்குள் நெரிசல் சொல்லி மாளாது. 9 பேருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து முந்தின நாளே விடுதி மூலம் வேன் பேசிவிட்டால் தலைக்குக் கணக்குப் பார்க்கும்போது டாக்சியை விடக் குறையும். பெரிய பெட்டிகளைத் தீவுக்குத் தூக்கிப் போக வேண்டாம், பூனோ விடுதியிலேயே வைத்துவிட்டு ஒரு முதுகுப்பையோடு போங்கள்.

காசு விஷயம்: தீவுகளில் ஏடிஎம் கிடையாது. குழுவின் தொகை முழுவதையும் பூனோவிலேயே எடுத்து 10, 20 சோல் தாள்களாகவும் சில்லறையாகவும் மாற்றுங்கள். 100 சோல் தாளை நீட்டினால் அமந்தானியில் வீட்டுக்கு வீடு ஓடிச் சில்லறை தேடுவார்கள். டாலர் மாற்றுவதாக இருந்தால் ஓரம் கிழிந்த தாளைப் பெருவில் எவரும் வாங்க மாட்டார்கள். ஒருவர் பொதுப்பணத்தை வைத்துக்கொண்டு படகு, நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் கொடுக்கட்டும். வீட்டுப் பணத்தை மட்டும் அந்தந்த மூன்று பேர் அந்த வீட்டு அம்மாவின் கையில் கொடுக்கட்டும், காலையில், கிளம்புவதற்கு முன்.

உயரமானி:

திரும்பி வர்றதைப் பத்தி ரெண்டே விஷயம். மஞ்சள் காய்ச்சல் ஆபத்து இருக்கிற நாடுகள் பட்டியலில் பெருவை இந்தியா வச்சிருக்கு. தடுப்பூசிச் சான்று இல்லாம வந்து இறங்கினா 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். நீங்க காட்டுப்பக்கமே போகலைன்னு விமான நிலையத்தில் வாதாடிப் பிரயோஜனமில்லை. கிளம்புறதுக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டாத்தான் சான்று செல்லும். சென்னையில்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவாங்க, குறிப்பிட்ட நாட்களில்தான், 9 பேருக்கும் முன்பதிவு பண்ணிட்டுப் போங்க. 60 வயசுக்கு மேல முதல் தடவையா இந்த ஊசி போடுறவங்களுக்கு பக்க விளைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல். அதனால பெரியவர் தன் டாக்டர்கிட்டக் கேட்டு முடிவெடுக்கட்டும். போட வேண்டாம்னு டாக்டர் சொன்னா எழுதி வாங்கி வச்சுக்கணும், ஆனா அதை வச்சு அதிகாரி விட்டுடுவார்னு உறுதியா நம்ப வேண்டாம்.

இன்னொண்ணு கோக்கா இலை டீ. பூனோவில் எந்த விடுதியிலும் வாசல்லயே கொதிச்சிட்டிருக்கும், தாராளமா குடிங்க. பாக்கெட்டா அடுக்கி வச்சு விப்பாங்க, மலிவு, ஊருக்கு வாங்கிட்டுப் போகத் தோணும். கோக்கா இலை நம்ம நாட்டில் போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வருது. 9 பேர் பையையும் லிமா விடுதியிலேயே ஒரு தடவை கொட்டிப் பார்த்துடுங்க, யாராவது ஒருத்தர் கட்டாயம் வாங்கி வச்சிருப்பார்.